ஐந்து மணித்தியாலச் சத்தமும் ஐம்பத்திரண்டு வாரக் கடனும்

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமங்களுள் ஒன்றில் ஒரு தாய் தன் கணக்குக் கொப்பியை என் முன்னால் விரித்து வைத்தார். மூத்த மகளின் சாமத்திய வீட்டுச் செலவு அதில் எழுதப்பட்டிருந்தது. பந்தல், கதிரை, சமையல், சேலை, படம் பிடித்தல் என்று வரிசையாகப் போன கணக்கில் ஒரு வரியின் கீழ் மட்டும் இரண்டு முறை கோடு போடப்பட்டிருந்தது. "டி.ஜே. - 65,000" என்று முதலில் எழுதி, அதை வெட்டி, பக்கத்தில் "139,000" என்று எழுதியிருந்தார்.

"தங்கச்சி, நான் கூட்டிக் கழிச்சுப் பார்த்திட்டன். பிழை எங்க எண்டுதான் தெரியேல்ல" என்றார் அவர்.

கூட்டலில் பிழை இருக்கவில்லை. பிழை எங்கே இருந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் வாசக சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்தத் தாயின் அனுமதியுடனேயே எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

65,000 எப்படி 139,000 ஆனது?

அவருடைய கணவர் மேசன் வேலை செய்பவர். வேலை இருக்கும் கிழமையும் உண்டு, இல்லாத கிழமையும் உண்டு. தாய் காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மகளுக்குப் பதின்மூன்று வயது. பிள்ளை பெரியபிள்ளையாகி ஏழு மாதங்களுக்குப் பிறகு, 2024ஆம் ஆண்டு ஆவணியில்தான் விழாவை வைத்தார்கள். பிரான்சில் இருக்கும் தாய்மாமன் விடுமுறையில் வரக்கூடிய காலம் அதுதான்.

டி.ஜே. வைக்கும் யோசனை பிள்ளையின் சித்தப்பாவுடையது. அவருக்குத் தெரிந்த பெடியன் ஒருவனிடம் தொலைபேசியில் கதைத்து, ஐந்து மணித்தியாலத்துக்கு 65,000 ரூபா என்று முடித்துவிட்டார். தாய்மாமனும் "அது என்ர செலவு அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று சொல்லி 60,000 ரூபா அனுப்பினார். 5,000 ரூபாதானே என்று தாயும் பேசாமல் இருந்துவிட்டார்.

விழா நாளுக்கு முன்தினம்தான் மிகுதி தெரிய வந்தது. பேசிய 65,000 ரூபா ஒலிப்பெட்டிகளுக்கும் அதை இயக்குபவருக்கும் மட்டுமே உரியது. வர்ண விளக்குகளும் புகை இயந்திரமும் வேறாக 20,000. இவ்வளவு பெரிய பெட்டிகளை வீட்டு மின்னிணைப்புத் தாங்காது என்றதால் ஜெனரேற்றர் வாடகை 15,000, அதற்கு டீசல் 6,000. சாமான்கள் ஏற்றிவர வாகனக் கூலி 8,000. விழா பிந்தித் தொடங்கியதால் மேலதிகமாக இரண்டு மணித்தியாலம், மணித்தியாலத்துக்குப் பத்தாயிரம் வீதம் 20,000. வந்த பெடியன்களுக்குக் கையில் கொடுத்தது 5,000. எல்லாம் சேர்ந்து 139,000.

இதில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தொகையும் தனியாகப் பார்க்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மொத்தத் தொகை எவ்வளவு என்று தொடக்கத்தில் எவரும் கேட்கவில்லை. கதைத்தவர் ஒருவர், வாக்குக் கொடுத்தவர் இன்னொருவர், கட்டியவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் தாய்.

தொழில் செய்பவர் பக்கமும் கேட்டேன்

இந்த விலை கொள்ளையா என்று அறிய, இதே தொழில் செய்யும் வேறொரு இளைஞரைச் சந்தித்துக் கதைத்தேன். "அக்கா, சனம் நாங்கள் பாட்டுப் போட்டிட்டுப் போறம் எண்டு நினைக்குது. ஒரு பெரிய பெட்டியின்ர ஸ்பீக்கர் எரிஞ்சா அண்டைக்கு உழைச்ச முழுக் காசும் போயிடும்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இந்தச் சாதனங்கள் பெரும்பாலும் இறக்குமதியானவை. 2022 நெருக்கடியின்போது சில மாதங்களுக்குள் டொலர் ஒன்றின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. அதே ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்குப் போனது. பிறகு விலைகள் ஓரளவு இறங்கினாலும் பழைய நிலைக்கு வரவில்லை. உதிரிப்பாகம், போக்குவரத்து, உதவியாளர் சம்பளம் எல்லாம் அந்த வாடகைக்குள்தான் அடங்க வேண்டும்.

நாள் கிடைப்பதும் ஒரு பிரச்சினை. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் சுபகாரியம் வைப்பதில்லை. மற்ற மாதங்களிலும் நல்ல முகூர்த்த நாட்கள் சிலவே. வெளிநாட்டு உறவினர் வரும் விடுமுறைக் காலத்தோடு பொருந்தும் நாட்கள் அதிலும் குறைவு. ஒரே நாளில் பல வீடுகள் ஒரே டி.ஜே.யைத் தேடும்போது விலை ஏறத்தான் செய்யும். இவர்களுள் பலர் தங்கள் சாதனங்களையே கடனிலோ லீசிங்கிலோ எடுத்தவர்கள். ஒரு கடனாளியின் தவணையை இன்னொரு கடனாளி கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த இரவு ஆடியவர்கள் யார்?

அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன். பிள்ளை அலங்கரித்த மேடையில் பெரிய கதிரையில் இருந்தாள். தலையில் கனமான சடை, உடம்பில் இரண்டாவதாக மாற்றிய சேலை. பந்தலுக்கு முன்னால் இருந்த வெளியில் வர்ண விளக்குகள் சுழன்றன. ஆடியவர்கள் சித்தப்பாவின் நண்பர்களும் ஊர் இளைஞர்களும்தான். பிள்ளையின் வகுப்புத் தோழிகள் தாய்மாருக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்து பார்த்தார்கள். ஒரு பாட்டுக்கு அவர்களுடைய கால்கள் கதிரைக்குக் கீழே தாளம் போட்டதைக் கண்டேன். எவரும் எழும்பவில்லை. எழும்ப விட்டிருக்கவும் மாட்டார்கள்.

விழா நாயகி ஒரு பாட்டுக்கேனும் ஆடவில்லை. அருகில் போன என்னிடம், "அன்ரி, இந்தச் சடையை எப்ப கழட்டலாம்?" என்று மட்டும் கேட்டாள். சத்தத்தில் அது எனக்கு இரண்டாம் முறை சொன்னபோதுதான் கேட்டது.

பிள்ளையின் விழா என்ற பெயரில் நடப்பவற்றுள் எத்தனை பிள்ளையிடம் கேட்டுச் செய்யப்படுகின்றன? ஒரு பெண் பிள்ளையின் உடலில் ஏற்படும் இயல்பான மாற்றத்தை ஊருக்கு அறிவித்துக் கொண்டாட வேண்டுமா என்பதே பெண்கள் மத்தியில் நீண்டகாலமாக விவாதிக்கப்படும் விடயம். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கொண்டாடுவதென்று முடிவு செய்த வீட்டில்கூட, மிகப் பெரிய செலவுகளுள் ஒன்று அந்தப் பிள்ளை அனுபவிக்க முடியாத ஒன்றுக்குப் போகிறது.

முன்பு சத்தம் இருக்கவில்லையா?

இருந்தது. நான் பெரியபிள்ளையானது 2002இல், போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான ஆண்டில். எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. ஒரு சிறிய ஜெனரேற்றரில் குழாய் ஒலிபெருக்கி ஒன்றை இயக்கி, மரத்தில் உயரக் கட்டிவிட்டார்கள். பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. அதைக் கொண்டுவந்த அண்ணா எங்கள் ஒழுங்கையில் இருந்தவர். கொஞ்சக் காசும் வயிறாரச் சாப்பாடும் கொடுத்தோம். அதற்கு முன்னர், 1990களில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டார்கள் எங்கள் மூத்தவர்கள். மகிழ்ச்சிக்கு வழி தேடுவது நமக்குப் புதிதல்ல.

சமூகவியல் படித்த காலத்தில் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வைப் படித்தோம். கொடுத்தல், பெற்றுக்கொள்ளல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்று கடமைகளும் மனிதர்களைப் பிணைத்து வைக்கின்றன என்பது அவருடைய கருத்து. நம் சாமத்திய வீட்டை நினைத்துப் பாருங்கள். பலகாரம் சுட வந்த பெரியம்மா வீட்டுக்கு நாளை நாங்கள் பலகாரம் சுடப் போவோம். பந்தலுக்குக் கிடுகு தந்தவருக்கு நாங்கள் கிடுகு கொடுப்போம். என்வலப்பில் வைத்துத் தந்த காசுகூட கொப்பியில் எழுதப்பட்டு ஒருநாள் திரும்பிப் போகும்.

டி.ஜே.க்குக் கொடுத்த காசு இந்த வட்டத்துக்குள் இல்லை. உழைப்பாலோ உறவாலோ அதை ஈடுசெய்ய முடியாது. ரொக்கமாகவே கொடுக்க வேண்டும், கொடுத்தால் ஊரைவிட்டுப் போய்விடும். எஞ்சுவது இன்னொரு வகைக் கடமை. "அவையின்ர வீட்டில வைச்சவை, நாங்கள் வைக்காட்டி என்ன நினைப்பினம்" என்ற கடமை. அடுத்த வீட்டார் நான்கு பெட்டி வைத்தால் நாம் ஆறு வைக்க வேண்டியிருக்கிறது.

79,000 ரூபாவின் உண்மையான விலை

தாய்மாமன் தந்தது போக மிகுதி 79,000 ரூபா. என்வலப்பில் வந்த காசு பலசரக்குக் கடைக்கும் பந்தல் வாடகைக்கும் சமையல்காரருக்கும் போய்விட்டது. அந்தத் தாய் குழுக் கடனாக 100,000 ரூபா எடுத்தார். கிழமைக்கு 2,500 ரூபா வீதம் 52 கிழமைகள் கட்ட வேண்டும். மொத்தம் 130,000 ரூபா.

"முப்பது வீதம்தானே வட்டி" என்றார். நாங்கள் இருவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். முதற் கிழமையில் அவரிடம் முழு இலட்சமும் இருக்கிறது. இருபத்தாறாவது கிழமையில் ஏறக்குறையப் பாதி முதல் திரும்பிப் போய்விட்டது. ஆனால் வட்டி கடைசிக் கிழமைவரை முழு இலட்சத்துக்கும் கணக்கிடப்பட்டே இருக்கிறது. கையில் உண்மையாக இருக்கும் முதலுக்கு வட்டியைக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 50 வீதத்தையும் தாண்டுகிறது. கிழமைக்கு 2,500 என்றால் நாளொன்றுக்கு 357 ரூபா. அவ்வளவையும் இடியப்பத்தில் உழைக்க வேண்டும்.

குழுவில் ஐந்து பெண்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். பதினான்காவது கிழமை மழை. மேசன் வேலை இல்லை. மற்ற நான்கு பேரும் ஆளுக்கு 625 ரூபா போட்டுக் கட்டினார்கள். அடுத்த கிழமையும் அப்படியே. மூன்றாம் கிழமை அவர்களுள் ஒருவர் படலைக்கு முன்னால் நின்று, "உங்கட பிள்ளையின்ர ஆட்டத்துக்கு நாங்களே காசு கட்டுறது?" என்று உரத்துக் கேட்டுவிட்டார். இருபது வருட அயல். அன்று முறிந்தது.

என்னிடம் இந்த விடயம் வந்தது அந்தச் சண்டைக்குப் பிறகுதான். கொப்பி விரிக்கப்பட்டதும் அப்போதுதான். தாய் தன் தோட்டை அடகு வைத்து மற்றவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். மிகுதித் தவணைகளை இழுத்துப் பறித்துக் கட்டி முடித்தார். தோடு இன்னும் மீளவில்லை. அந்த ஆண்டு மகளின் கணித ரியூசன் நான்கு மாதம் நின்றுபோனது. கொப்பியில் எழுதப்படாத செலவு அது.

நுண்கடனின் சுமை நம் பெண்களுக்குப் புதிய கதையல்ல. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணத் திட்டமொன்றை அறிவித்தது. ஆனால் எந்தச் சட்டமும் நம் வீட்டுப் பந்தலுக்குள் வந்து, "இந்தச் செலவு வேண்டாம்" என்று சொல்லப் போவதில்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அயலவரும் காதுகளும்

வேறொரு செலவும் உண்டு. அதை அயலவர் செலுத்துகிறார்கள். ஒலிபெருக்கி பாவிப்பதற்குப் பொலிசாரின் அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை அந்த அனுமதி வழங்கப்படக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் கட்டளையிட்டது. மேலதிக மணித்தியாலத்துக்குக் காசு கொடுக்கும்போது, பல வேளைகளில் சட்டத்தை மீறுவதற்கே காசு கொடுக்கிறோம். பக்கத்து வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், நோயாளி இருக்கலாம்.

இசை நிகழ்ச்சிகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. பக்கத்தில் நிற்பவரிடம் காதுக்குள் கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் சத்தம் ஏற்கெனவே கூடிவிட்டது என்று கொள்ளுங்கள். பெட்டிக்கு முன்னால் கைக்குழந்தையுடன் இருக்க வேண்டாம்.

முற்பணம் கொடுக்க முன்னர்

இசையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு இழப்புகளைக் கண்ட மண்ணில் ஒரு வீட்டில் பாட்டுக் கேட்பது நல்ல விடயம்தான். ஆனால் பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில் மொத்தத் தொகையைக் கேளுங்கள். பெட்டிகள் எத்தனை, விளக்கு, ஜெனரேற்றர், டீசல், வாகனக் கூலி, உதவியாளர், மேலதிக மணித்தியாலம் ஆகிய ஏழையும் ஒரு தாளில் எழுதி, கீழே கூட்டிப் போட்டு, இரு தரப்பும் கையொப்பம் வையுங்கள். தொலைபேசியில் பேசி முடிக்க வேண்டாம்.

தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் அதே தாளில் எழுதுங்கள். முடிக்கும் நேரம் இரவு பத்து மணிக்கு முன்னதாக இருக்கட்டும்.

உறவினர் ஒருவர் "என்ர செலவு" என்று சொன்னால், அந்த மொத்தத்தைக் காட்டி, முற்பணம் கொடுக்க முன்னரே காசைப் பெற்றுக்கொள்ளுங்கள். இது மரியாதைக் குறைவல்ல. அந்தத் தாய்மாமன் இன்றுவரை தான் முழுச் செலவையும் கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

எங்கள் சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் பல இடங்களில் கதிரையும் பாத்திரமும் வாடகைக்கு வைத்திருக்கின்றன. அவற்றோடு ஒரு நல்ல ஒலிப்பெட்டியையும் வாங்கி வைக்கலாம். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் ஒரு பெட்டி ஒரு முற்றத்துக்குப் போதும். அதன் வாடகை ஊருக்குள்ளேயே நிற்கும்.

தொழில் செய்யும் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். முழு விலையையும் முதல் நாளே சொல்லுங்கள். உங்களுக்கும் பாக்கிக் காசுக்கு அலைய வேண்டி வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையிடம் கேளுங்கள்.

அந்த வீட்டு இளைய மகளுக்கு இப்போது பதினொரு வயது. அண்மையில் போனபோது தாய் ஒரு புதிய கொப்பியைக் காட்டினார். முதற் பக்கத்தில் மொத்தத் தொகையை எழுதிவிட்டு, அதன் கீழே செலவுகளுக்கு இடம் விட்டிருந்தார். டி.ஜே. என்ற வரி இல்லை.

மூத்தவள் பக்கத்தில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சிக்குப் பாட்டு ஒண்டும் வேண்டாமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"வேணும் அன்ரி. வீட்டுக்குள்ள வைக்கிற சின்னப் பெட்டி காணும். எங்கட வகுப்புப் பிள்ளையளும் அவளின்ர சிநேகிதியளும் மட்டும். கதவைச் சாத்திப்போட்டு நாங்களும் ஆடலாம்" என்றாள்.

தாய் அதை அந்தக் கொப்பியில் எழுதிக்கொண்டார். தொகை எழுதும் இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டார்.